வீட்டுக்கு கரண்டும் கேஸும் யார்கிட்ட வாங்குறது? செட்டிநாட்டு பக்கம் வீடு வச்சிருக்கவங்களுக்கு

போன தை மாசம் சிங்கப்பூர்ல இருந்து வந்திருந்த தம்பி ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு, அக்கா இங்க கரண்ட் எந்த கம்பெனிகிட்ட வாங்குறீங்க, மாத்திப் பாத்தீங்களான்னு. அவரு கேட்டதுல தப்பில்ல. சிங்கப்பூர்ல 2018, 2019லயே வீடுகளுக்கு கரண்ட் கம்பெனியை நாமளே தேர்ந்தெடுக்கலாம்னு கொண்டாந்துட்டாங்க, மும்பையில கூட பல ஏரியால டாடாவா அதானியான்னு பாத்து வாங்க முடியுது. நம்ம காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் அதெல்லாம் கிடையாது. வீட்டுக்கு கரண்ட்னா ஈபி ஒண்ணுதான். 2010ல வாரியத்தை பிரிச்சப்ப டான்ஜெட்கோன்னு பேரு வந்துச்சு, 2024ல மறுபடி பிரிச்சு இப்ப தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்னு ஆகிருச்சு, பேரு எத்தனை மாறினாலும் வீட்டுக்கு வர்ற கம்பி அதே கம்பிதான். வெளியில வேற ஆள்கிட்ட கரண்ட் வாங்குறதெல்லாம் பெரிய மில்லு, தொழிற்சாலைக்கு உள்ள வசதி, நமக்கில்ல.

அப்ப தேர்ந்தெடுக்க ஒண்ணுமே இல்லையான்னா, நிறைய இருக்குங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி சென்னையில இருந்து பள்ளத்தூருக்கு அப்பத்தா வீட்டை பாத்துக்க வந்தப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஈபி ஆபீஸுக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் அலைஞ்சு அலைஞ்சுதான் கத்துக்கிட்டேன். கரண்டுல கம்பெனியை தேர்ந்தெடுக்க முடியாது, ஆனா யாரு பேருல எப்படிப்பட்ட கனெக்சன், எந்த ரேட்டுக்குள்ள நிக்கிறோம், மாடியில சோலார் போடுறதா இல்லையா, இதெல்லாம் நம்ம கையில இருக்கு. கேஸ்ல கம்பெனியை தேர்ந்தெடுக்கலாம், ஆனா அங்க உண்மையில பாக்க வேண்டியது கம்பெனியை இல்ல, வீட்டு வாசல்ல சிலிண்டர் கொண்டாந்து இறக்குற ஏஜென்சியை.

முதல்ல கரண்ட். நம்ம ஊரு வீட்டுல முதல் வேலையே ஈபி கனெக்சன் யாரு பேருல இருக்குன்னு பாக்குறதுதான். பாதி வீட்டுல ஐயா பேருலயோ அவருக்கும் முந்துன ஆளு பேருலயோ இருக்கும், அவங்க போயி முப்பது நாப்பது வருசம் ஆகியிருக்கும், பில்லு கட்டிக்கிட்டே இருக்கோமே என்ன போச்சுன்னு விட்டுருவோம். என்ன போச்சுன்னு சோலார் போடப் போறப்பதான் தெரியும். மானியத்துக்கு விண்ணப்பம் போடுறவங்க பேரும் ஈபி கனெக்சன்ல உள்ள பேரும் ஒண்ணா இருக்கணும். லோடு கூட்டணும்னாலும், ஒத்தை பேஸை மூணு பேஸா மாத்தணும்னாலும் பேரு இடிக்கும். அதனால வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி பேர் மாத்துறதை முடிச்சுருங்க. வாரிசு சான்றிதழ், வீட்டு வரி ரசீது, பத்திரம், அப்புறம் நம்ம ஊரு விசேசமான பங்காளிகள் சம்மதக் கடிதம், இதுதான் கேப்பாங்க. எங்க வீட்டுக்கு ஏழு புள்ளி, அதாவது ஏழு பங்குக் குடும்பம், அதுல ரெண்டு பேரு மலேசியா, ஒருத்தரு அமெரிக்கா, கையெழுத்து வாங்கவே எட்டு மாசம் ஆச்சு. அதுக்கு நான் சொல்ற வழி, முன்னோருக்கு படைச்சு கும்புடுற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிங்க எல்லாரும் ஊருக்கு வந்து ஒண்ணா பந்தியில உக்காருவாங்கல்ல, அன்னிக்கே பேப்பரை ரெடி பண்ணி வச்சு வாங்கிருங்க, அப்புறம் தபால்ல வாங்கிக்கலாம்னு விட்டா வாங்கவே முடியாது.

அடுத்து ரேட்டு. இதை புரிஞ்சுக்காம நெறைய பேரு காசை விடுறாங்க. நம்ம ஊருல ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங், அதுல வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016ல இருந்து அப்படித்தான். நான் கீழ போடுறது 2024 ஜூலையில வந்த ரேட்டு, உங்க பில்லுல புது ரேட்டு இருந்தா அதை வச்சு போட்டுக்கங்க, கணக்கு போடுற முறை ஒண்ணுதான். மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள நின்னா 101ல இருந்து 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபா 35 காசு, 201ல இருந்து 400 வரை 4 ரூபா 70 காசு, அடுத்த 100க்கு 6 ரூபா 30 காசு. ஆக 400 யூனிட்னா 1,175 ரூபா, 500 யூனிட்னா 1,805 ரூபா. இதுல 500ஐ ஒரு யூனிட் தாண்டிட்டாலும் அந்த 2 ரூபா 35 காசு சலுகை போயிரும், 101ல இருந்தே 4 ரூபா 70 காசு போட்டுருவாங்க, 500க்கு மேல போற யூனிட்டுக்கு 8 ரூபா 40 காசு. நீங்களே போட்டு பாருங்க, 490 யூனிட்டுக்கு 1,742 ரூபா, 510 யூனிட்டுக்கு 2,124 ரூபா. இருபது யூனிட்டுக்கு 382 ரூபா! ஒரு யூனிட் பத்தொம்பது ரூபான்னு ஆகுது. அதுக்கு மேல 600, 800, 1000ன்னு தாண்டத் தாண்ட ரேட்டும் ஏறிக்கிட்டே போயி 1000க்கு மேல யூனிட் 11 ரூபாயை தாண்டிருது.

அதனால நான் ரீடிங் எடுக்க ஆள் வர்ற தேதியை காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன், அதுக்கு பத்து நாளைக்கு முன்னாடி மீட்டரை நானே போயி பாப்பேன். 430, 440ல நின்னா மோட்டார் போடுறது, ஏசி, இஸ்திரி எல்லாத்தையும் கொஞ்சம் அடக்குவோம். ரீடிங் தேதி தள்ளிப் போனாலும் இதே பிரச்சனைதான், அறுபது நாளைக்கு எடுக்க வேண்டியதை எழுபதாவது நாள் எடுத்தா அந்த பத்து நாள் யூனிட்டும் சேந்து நம்மள மேல் ரேட்டுக்கு தள்ளிரும். ஒரு தடவை எங்களுக்கு அப்படி ஆச்சு, மீட்டரை தேதி தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வச்சிருந்ததால செக்சன் ஆபீஸ்ல போயி பேச முடிஞ்சுது. போட்டோ எடுத்து வைங்க, ஒரு செலவும் இல்ல.

பூட்டிக் கிடக்குற வீடுதான் நம்ம பக்கம் அதிகம். ரீடிங் எடுக்க வர்றப்ப கதவு பூட்டியிருந்தா முந்தின கணக்கை பாத்து சராசரி போட்டுருவாங்க. நீங்க நவராத்திரிக்கு வந்து ஒரு மாசம் தங்கி ஏசி ஓட்டின கணக்கு, ஆளே இல்லாத மாசத்துக்கும் வந்து நிக்கும். மீட்டர் உள்ள நடையில இருந்தா முகப்புக்கு வெளிய, வெளியில நின்னே படிக்கிற மாதிரி மாத்திக் குடுக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. வீட்டுக்கு இப்ப நிலைக் கட்டணம்னு ஒண்ணு கிடையாது, 2022லயே எடுத்துட்டாங்க, அதனால 100 யூனிட்டுக்குள்ள இருந்தா பில்லு சுழியம்தான். வெளியூர்ல இருக்கவங்க கனெக்சனை வெட்டிரலாமான்னு யோசிக்காதீங்க, வெட்டிட்டா திரும்ப வாங்குறது பெரும்பாடு, சும்மா இருந்தா காசும் இல்ல. கிளம்புறப்ப மெயினை அமத்திட்டு போங்க, அவ்வளவுதான்.

பங்காளிங்க ஒரே வீட்டுல தனித்தனியா சமைச்சு சாப்புடுறவங்க, ஆளுக்கொரு கனெக்சன் வாங்கலாமான்னு கேப்பாங்க. நெசமாவே தனி குடும்பம், தனி அடுப்படி, தனியா போக வர வழி இருந்தா கேளுங்க, நியாயம். ஒரே குடும்பம் 100 யூனிட் இலவசத்துக்காக ரெண்டு மூணு மீட்டர் வச்சா ஆய்வுக்கு வந்து ஒண்ணா சேத்துருவாங்க. அதே மாதிரி வீட்டை ஹோம்ஸ்டேயாவோ ஹோட்டலாவோ விட்டா, சினிமா சூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டா, வீட்டு ரேட்டுல ஓட்டக் கூடாது, அதுக்கு வியாபார ரேட்டு தனி. மாட்டுனா பழைய மாசத்துக்கும் சேத்து போடுவாங்க. கானாடுகாத்தான் பக்கம் வீட்டை விருந்தாளிக்கு விடலாம்னு நினைக்கிறவங்க முதல்லயே போயி தனி கனெக்சன் வாங்கிருங்க.

வயரிங் பத்தியும் ஒரு வார்த்தை. எந்த கனெக்சன் எவ்வளவு லோடுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை பாக்கணும். எங்க வீட்டுல கூடத்து பட்டாலை பக்கம் போயிருந்த வயரு அப்பச்சி சின்ன வயசுல போட்டது, துணி சுத்துன வயரு, எர்த்தே இல்ல. அதுல ரெண்டு ஏசி மாட்டுனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல, மேல முழுக்க பர்மா தேக்கு. நல்ல எலக்ட்ரீசியனை வச்சு புதுசா எர்த் இறக்குங்க, ஷாக் அடிச்சா உடனே கட் ஆகுற ஆர்சிசிபி கட்டாயம் போடுங்க. ஆனா செவத்தை வெட்டி உள்ள வயரை விடுறேன்னு சொன்னா விடாதீங்க. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் வச்சு தேச்ச செவத்தை ஒரு தடவை வெட்டுனா அதே மாதிரி பூசுறதுக்கு ஆள் கிடைக்காது. வெளிய தெரியுற மாதிரி மர பட்டையிலயோ பைப்புலயோ கொண்டு போங்க, அந்தக் காலத்துல அப்படித்தான் போட்டாங்க, வீட்டுக்கும் அதுதான் பொருத்தமா இருக்கு.

இப்ப சோலார். ஈபியைத் தவிர வேற ஒருத்தர்கிட்ட கரண்ட் வாங்க முடியாதுன்னாலும் நம்ம மாடியில நாமளே எடுத்துக்கலாம். 2024 பிப்ரவரியில வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் போட்டா 78,000 ரூபா மானியம். நாம முதல்ல முழுசா கட்டிடணும் இல்ல லோன் போடணும், வேலை முடிஞ்சு நெட் மீட்டர் (நாம ஈபிக்கு குடுக்குற கரண்டையும் அங்க இருந்து எடுக்குறதையும் கழிச்சுப் பாக்குற மீட்டர்) மாட்டி பாத்ததுக்கு அப்புறம் மானியம் நம்ம பேங்க் கணக்குக்கு நேரா வரும். மானியத்தை நாங்களே வாங்கிக்கிறோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கன்னு சொல்ற ஆளை நம்பாதீங்க.

நம்ம வெயிலுக்கு 1 கிலோவாட் ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் குடுக்கும். 3 கிலோவாட்னா ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட்டுக்கு பக்கம் வரும். ரெண்டு மாசம் 600, 700 யூனிட் ஓடுற வீட்டுக்கு இது ரொம்ப நல்லது, ஏன்னா வெட்டுப்படுறது மேல் ரேட்டு யூனிட்டுதான். ஆனா வயசான ரெண்டு பேரு மட்டும் இருந்து 180 யூனிட் ஓட்டுற வீட்டுக்கு, பில்லே 190 ரூபாகூட வராதே, அதுக்கு போயி லட்சக்கணக்குல போடச் சொல்லி ஏஜெண்ட் வந்து உக்காந்தா மோர் குடுத்து அனுப்பிருங்க. ஆறு பில்லை எடுத்து வச்சு கூட்டிப் பாருங்க, எல்லா பில்லும் 500ஐ தாண்டுதா, இல்ல சித்திரை வைகாசியில மட்டும் தாண்டுதான்னு. வெயில் காலத்துக்கு மட்டும்தான் தாண்டுதுன்னா 1 கிலோவாட், 2 கிலோவாட் போதும்.

இடம் பாக்குறதுலதான் நம்ம வீட்டுக்கு சிக்கல். கிலோவாட்டுக்கு நூறு சதுரடி நெழல் விழாத இடம் வேணும். நாட்டு ஓடு வேஞ்ச சரிவு மேல ஸ்டாண்டு அடிக்க விடாதீங்க, ஓடு ஒடைஞ்சு மழைத்தண்ணி கீழ மரத்துல இறங்குனா வீட்டையே அரிச்சுரும். ரெண்டாங்கட்டுக்கு பின்னாடி, அடுப்படிக்கு மேல மொட்டை மாடி இருந்தா அங்க போடுங்க. நடு முற்றத்தைச் சுத்தின வளவோட கூரை, முகப்பு பக்கத்தை தொடாதீங்க. அந்த மாடி யாரு பங்குன்னு பங்காளிங்ககிட்ட பேசி எழுதி வாங்கிக்கங்க, பேனல் இருபத்தஞ்சு வருசம் உக்காந்திருக்கப் போகுது. மானியம் வேணும்னா உள்நாட்டுல செஞ்ச செல்லு உள்ள பேனலா இருக்கணும், போடுற ஆளு திட்டத்துல பதிஞ்ச ஆளா இருக்கணும், அந்த பட்டியல் திட்டத்தோட வெப்சைட்டுலயே இருக்கு. குறைஞ்சது மூணு பேருகிட்ட விலை கேளுங்க, முன்னாடி அவங்க போட்ட வீடு ரெண்டை நேர்ல போயி பாருங்க, அந்த வீட்டு ஆச்சிகிட்ட ரிப்பேருன்னா கூப்பிட்டா வர்றாங்களான்னு கேளுங்க. எனக்கு விலையை விட அந்த பதில்தான் முக்கியமா பட்டுச்சு.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும், பேட்டரி இல்லாத சாதா சோலார் கரண்ட் போனா வேலை செய்யாது. கம்பியில வேலை பாக்குற லைன்மேன் உயிருக்கு ஆபத்து வரக்கூடாதுன்னு அது தானா நின்னுரும். அதனால இன்வெர்ட்டரை வித்துறாதீங்க. மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்புன்னு காலையில நிப்பாட்டுனா சாயங்காலம்தான் வரும், அன்னிக்கு அதுதான் கை குடுக்கும். பேட்டரி விசயத்துல நம்ம ஊருக்கு ஒரு பெருமை உண்டு, காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து வந்தது, 1948ல நேரு அடிக்கல் நாட்டி 1953ல திறந்தாங்க, இன்னிக்கும் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி அங்க நடக்குது. சாதா ஈய பேட்டரி வாங்குனா டிஸ்டில்டு தண்ணி ஊத்தி பாத்துக்க வீட்டுல ஆளு வேணும், பூட்டிப் போட்டுட்டு போறவங்களுக்கு அது சரிப்படாது.

இனி கேஸ். மூணு கம்பெனி, இண்டேன், பாரத், ஹெச்பி, மூணுமே அரசு கம்பெனி. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, ஒரே ஊருல மூணும் ஒரே விலைதான். உள்ள இருக்குற கேஸும் ஒண்ணுதான், இந்த கம்பெனி நல்லா எரியும் அந்த கம்பெனி சீக்கிரம் தீந்துரும்னு சொல்றதை நான் நம்புறதில்ல, அப்படி சீக்கிரம் தீந்தா எடையில ஏதோ நடந்திருக்கு இல்ல பர்னர் அடைச்சிருக்கு. அப்ப எதை வச்சு தேர்ந்தெடுக்குறது? உங்க தெருவுக்கு எந்த ஏஜென்சி வண்டி வாரத்துல எத்தனை நாளு வருது, குடோன் எவ்வளவு தூரம், புக் பண்ணா எத்தனை நாள்ல வருது, வர்ற பையன் உள்ள கொண்டாந்து மாட்டிக் குடுக்குறானா திண்ணையிலயே வச்சுட்டு போறானா. நம்ம வீட்டுல திண்ணையில இருந்து அடுப்படிக்கு நடை, வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டணும், எழுபது வயசு ஆச்சி முப்பது கிலோவை உருட்டிக்கிட்டு போக முடியுமா? பக்கத்து வீட்டுல நாலு பேர்கிட்ட, அதுவும் அடுப்படியில நிக்கிறவங்ககிட்ட கேளுங்க. ஆம்பளைங்களுக்கு சிலிண்டர் எப்ப வந்துச்சு எப்ப தீந்துச்சுன்னு பெரும்பாலும் தெரியாது.

நான் வந்தப்ப பழைய கனெக்சன் இருந்த ஏஜென்சி பேரைச் சொல்ல விரும்பல, தீபாவளிக்கு பலகாரம் சுடுறதுக்கு பன்னெண்டு நாளைக்கு முன்னாடி புக் பண்ணியும் "அக்கா வண்டி உங்க பக்கம் இன்னும் வரல"ன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. தேன்குழல் மாவு பிசைஞ்சு வச்சுட்டு வீட்டுக்கு பின்னாடி கட்டுத்துறையில விறகு மூட்டி சுட்டு எடுத்தோம். அந்த வாரமே மாத்திட்டேன்.

மாத்துறதுல ரெண்டு விதம் இருக்கு, வித்தியாசம் தெரிஞ்சுக்கங்க. அதே கம்பெனிக்குள்ள வேற ஏஜென்சிக்கு போறதுன்னா சுலபம், கம்பெனி ஆப்புலயோ வெப்சைட்டுலயோ போயி பக்கத்துல உள்ள ஏஜென்சி பட்டியலைப் பாத்து கேட்டா போதும், சிலிண்டர், ரெகுலேட்டர், டெபாசிட் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா கம்பெனியே மாறணும்னா சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் திருப்பிக் குடுத்து, டெபாசிட்டை வாங்கிக்கிட்டு, கனெக்சனை முடிச்சதுக்கான வவுச்சரை வாங்கி, அங்க போயி புதுசா எடுக்கணும். இதுல காசு விசயம் என்னன்னா, உங்களுக்கு திரும்பி வர்றது அன்னிக்கு நீங்க கட்டுன டெபாசிட்தான், இருபது வருசத்துக்கு முன்னாடி சில நூறு ரூபா கட்டியிருந்தா அதேதான் வரும். புது கனெக்சன்னு போட்டா 2022 ஜூன்ல வந்த ரேட்டுப்படி ஒரு சிலிண்டருக்கு 2,200, ரெகுலேட்டருக்கு 250; மாறுறவங்களுக்கும் இதே ரேட்டுதானா, திரும்பி வந்த பழைய டெபாசிட்டே போதுமான்னு முதல்லயே கேட்டுக்கங்க. டபுள் சிலிண்டர்னா சிலிண்டர் டெபாசிட் மட்டும் ரெண்டு மடங்கு. அதனால முதல்ல அதே கம்பெனிக்குள்ள நல்ல ஏஜென்சி இருக்கான்னு தேடுங்க, எதுவுமே சரியில்லன்னாதான் கம்பெனியை மாத்துங்க. டெபாசிட் கட்டுன அந்த பழைய வவுச்சர் பேப்பரை தேடி எடுத்து வைங்க, அப்பத்தாவோட தகரப் பொட்டியில பாத்தா இருக்கும், எங்களுக்கு அங்கதான் கிடைச்சுது.

புது கனெக்சன் எடுக்கப் போனா அடுப்பும் எங்ககிட்டதான் வாங்கணும்னு சொல்ற ஏஜென்சியும் இருக்கு. வாங்க வேண்டியதில்ல, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள அடுப்பு உங்ககிட்ட இருந்தா போதும்னு தைரியமா சொல்லுங்க. ஆரஞ்சு கலரு டியூப் மட்டும் தரமானதா வாங்கி அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, அதுல சிக்கனம் பாக்காதீங்க.

சிலிண்டர் வந்ததும் பாக்க வேண்டியது, சீலு ஒடையாம இருக்கா, சிலிண்டர் மேல் பக்கம் வெறும் எடை எழுதியிருக்கும், அதோட 14.2ஐ கூட்டுனா வர்ற எடை தராசுல வரணும். வெறும் எடை 15.3ன்னா மொத்தம் 29.5 கிலோ. கொண்டு வர்றவரு தராசு வச்சிருக்கணும், கேக்குறது நம்ம உரிமை, முகம் சுளிச்சாலும் பரவாயில்ல கேளுங்க. கைப்பிடி பக்கம் உள்பட்டையில பி 27 அந்த மாதிரி ஒரு எழுத்தும் நம்பரும் இருக்கும், ஏ, பி, சி, டி நாலும் வருசத்தோட நாலு கால்பகுதி, பி 27னா 2027 ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள அந்த சிலிண்டரை சோதனைக்கு அனுப்பணும்னு அர்த்தம். தேதி தாண்டியிருந்தா வாங்காதீங்க. டெலிவரி காசு பில்லுலயே சேந்திருக்கு, கூட குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, மூணு கட்டு தாண்டி உள்ள கொண்டாந்து மாட்டிக் குடுத்த பையனுக்கு நான் மனசார குடுப்பேன், அது வேற. டெலிவரி நம்பரை ஓடிபி மாதிரி கேப்பாங்க, சிலிண்டர் கைக்கு வந்ததுக்கு அப்புறம் சொல்லுங்க, போன்ல முன்கூட்டியே கேட்டா சொல்லாதீங்க.

வீட்டுலயே பலகாரம் போட்டு விக்கிறவங்க, ஆர்டர் எடுத்து மணகோலம், சீப்புச் சீடை சுடுறவங்க நம்ம பக்கம் நெறைய பேரு. வியாபாரத்துக்கு வீட்டு சிலிண்டர் ஓட்டக் கூடாது, 19 கிலோ சிலிண்டர் தனியா எடுக்கணும். விலை கூடத்தான், ஆனா பிடிச்சா கனெக்சனே போயிரும், விபத்துன்னு ஆனா இன்சூரன்சும் நிக்காது. பலகார விலையில அதை சேத்து போடுங்க.

பைப் கேஸ் வேணுமான்னு இப்ப கேக்குறாங்க. இதுல கம்பெனியை நாம தேர்ந்தெடுக்க முடியாது, ஒழுங்குமுறை வாரியம் ஒரு பகுதிக்கு ஒரு கம்பெனின்னு அனுமதி குடுக்குது, உங்க தெருவுக்கு குழாய் வந்தா அவங்க, வரலன்னா இல்ல. வந்தா நல்லதுதான், புக்கிங் இல்ல, உருட்டுறது இல்ல, மீட்டர் ஓடுற அளவுக்கு காசு. அந்த கேஸ் காத்தை விட லேசு, கசிஞ்சா மேல போயிரும். சிலிண்டர் கேஸ் காத்தை விட கனம், தரையோட தரையா பள்ளத்துல தங்கும், அதனால நெலவறையிலயோ காத்து போகாத உக்கிராணத்துலயோ (சாமான் வைக்கிற அறை) நெறஞ்ச சிலிண்டரை வைக்கவே வைக்காதீங்க. விலையை ஒப்பிடணும்னா ஒரு சிலிண்டர் சுமாரா 18, 19 கன மீட்டர் பைப் கேஸுக்கு சமம், அந்த அளவுக்கு என்ன ரேட்டு, மாசாமாசம் வேற ஏதும் கட்டணம் உண்டா, டெபாசிட்ல எவ்வளவு திரும்பி வரும்னு எழுத்துல கேளுங்க. அடுப்போட ஜெட்டை (பர்னருக்கு கேஸ் வர்ற சின்ன துளை உள்ள பாகம்) அவங்க ஆளு மாத்திக் குடுக்கணும், பழைய ஜெட்டுல எரிக்க முடியாது. குழாய் எந்த வழியா வருதுன்னு வேலை தொடங்குறதுக்கு முன்னாடி சாக்கட்டியால கோடு போடச் சொல்லுங்க. ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரையையும் தேச்ச செவத்தையும் தொடாம பின் சந்து வழியா நேரா அடுப்படிக்கு வர்ற மாதிரி பாத்துக்கங்க.

கரண்டு அடுப்பையும் கணக்குல சேக்கணும். என் கணக்குப்படி ஒரு சிலிண்டர்ல ஆகுற சமையலை இண்டக்சன்ல செஞ்சா 140 யூனிட் ஆகும். நீங்க இதையும் சேத்து 400 யூனிட்டுக்குள்ள நிக்கிற வீடுன்னா யூனிட் 4 ரூபா 70 காசு வச்சாலும் 658 ரூபாதான், சிலிண்டரை விட குறைவு. அதே 500ஐ தாண்டுன வீடுன்னா யூனிட் குறைஞ்சது 8 ரூபா 40 காசு, 1,176 ரூபாய்க்கு குறையாது, அப்ப கேஸ்தான் லாபம். சோலார் போட்டு யூனிட் மிஞ்சுற வீட்டுல பகல் சமையலை முழுக்க இண்டக்சன்லயே பண்ணலாம். எங்க வீட்டுல பாலு, காபி, சோறு, குழம்பு சூடு பண்றது இண்டக்சன், பணியாரமும் தாளிப்பும் கேஸ், சிலிண்டர் முன்னாடி நாப்பது நாளு வந்தது இப்ப எழுபது நாளுக்கு மேல வருது.

கடைசியா ஒரு வேலை, இன்னிக்கே பண்ணிருங்க. ஒரு அட்டையில பெரிய எழுத்துல ஈபி சர்வீஸ் நம்பர், கேஸ் கன்சூமர் நம்பர், ஏஜென்சி போன், கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987, கேஸ் கசிஞ்சா 1906, இதை எழுதி அடுப்படி கதவுக்கு பின்னாடி ஒட்டுங்க. கண்ணாடி போடாம படிக்கிற அளவுக்கு எழுதுங்க, நாம ஊருல இல்லாதப்ப வீட்டை பாத்துக்கிற அக்காவுக்கும் தெரியணும்.